எரிந்த போர்டைப் பார்த்துவிட்டு ஸ்டெபிலைசர் வாங்குங்கள்

பட்டுக்கோட்டையை ஒட்டிய எங்கள் ஊரில் இடியால் கெட்ட டிவிகளைவிட, தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்து கெட்ட டிவிகள்தான் அதிகம். ஆனால் எது நடந்தாலும் "ஹை வோல்டேஜ் வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வருகிறோம். அடுத்த முறை சில வீடுகளில் அந்த ஸ்டெபிலைசரும் சேர்ந்து எரிகிறது. வந்தது என்ன, எந்தக் கம்பி வழியாக வந்தது என்று பார்க்காமல் வாங்கும் கருவியால் பயன் குறைவு. எங்கள் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் நடந்தவற்றையும், டிவி, ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டை ரிப்பேர் செய்பவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பகுதி முழுக்கத் தென்னந்தோப்பு. ஆடிக் காற்றில் காய்ந்த மட்டைகள் விழுந்துகொண்டே இருக்கும். கம்பத்துக்குக் கம்பம் போகும் லைன் பல இடங்களில் உறையில்லாத அலுமினியக் கம்பிதான். மட்டை அதன்மேல் விழுந்தால் கம்பிகள் உரசித் தீப்பொறி பறக்கும். பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போய்க் கரண்ட் நின்றுவிடும். ஒருநாள் மாலை அப்படி நிற்கவில்லை. வெளியே படீரென்று ஒரு சத்தம் கேட்டது. கூடத்து விளக்கு கண் கூசும்படி எரிந்தது. மின்விசிறி உறுமிக்கொண்டு சுற்றியது. எதிர் வீட்டில் விளக்குகள் அணைவதும் சிமிட்டுவதுமாக இருந்தன. அந்தக் காலத்திலிருந்து தோப்பு மோட்டார்களுக்கு வயரிங் செய்துவந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் தெருவுக்கே ஓடிவந்து கத்தினார்: "தம்பி, மெயினை இறக்குங்கள்! ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்காதீர்கள், மெயினை இறக்குங்கள்!"

மீட்டர் பெட்டிக்குப் போய் மெயினை இறக்குவதற்குள் ஃபிரிட்ஜின் போர்டும் இரண்டு விளக்குகளும் செல்போன் சார்ஜர் ஒன்றும் போய்விட்டன. மூன்று வீடு தள்ளியிருந்த அக்கா வீட்டில் டிவி போனது, வாஷிங் மெஷின் போனது. ஆனால் அந்த எதிர் வீட்டில் ஒன்றுமே கெடவில்லை. ஒரே தெரு, ஒரே கம்பி, ஒரே நேரம். ஏன் இப்படி என்று கேட்டபோதுதான் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தெருவுக்கு மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் நடுவே 400 வோல்ட். என் வீடு ஒரு ஃபேஸில் இருக்கிறது, எதிர் வீடு இன்னொன்றில் இருக்கிறது. நியூட்ரல் என்ற பொதுக் கம்பி இருக்கும்வரை இரண்டு வீடுகளும் தனித்தனியாக 230 வோல்ட்டை வாங்கிக்கொள்ளும். அது நடுவழியில் அறுந்துவிட்டால், அதற்கு அப்பால் இருக்கும் வீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று தொடராக மாட்டிக்கொண்டு, ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே உள்ள அந்த 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருக்காது. அதிக வாட் ஓடும் வீட்டுக்குக் குறைந்த வோல்ட்டும், குறைந்த வாட் ஓடும் வீட்டுக்கு அதிக வோல்ட்டும் போகும்.

இரண்டு வீடுகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிர் வீட்டில் 1,000 வாட் ஹீட்டர் ஓடுகிறது, என் வீட்டில் விளக்கும் விசிறியுமாக 100 வாட் ஓடுகிறது என்றால், அவர்களுக்குச் சுமார் 36 வோல்ட் கிடைக்கும், எனக்குச் சுமார் 364 வோல்ட் வரும். நிஜத்தில் மூன்று ஃபேஸிலும் பல வீடுகள் இருப்பதால் எண் மாறும். நடக்கும் விதம் இதுதான். அடக்கமாகக் கரண்ட் செலவழிக்கும் வீட்டில்தான் பொருள்கள் எரியும். பெரியவர் ஏன் ஒவ்வொன்றாக அணைக்காதே என்று கத்தினார் என்பதும் இதிலிருந்தே புரியும். நாம் ஒரு விசிறியை அணைத்தால் வீட்டின் வாட் இன்னும் குறைகிறது. மிச்சமிருக்கும் பொருள்களின் மேல் வோல்டேஜ் இன்னும் ஏறுகிறது. டிவியைக் காப்பாற்ற நினைத்து விசிறியை அணைத்தால் டிவிக்குத்தான் கேடு. ஒரே இழுப்பில் மெயினை இறக்குவதுதான் வழி. விளக்கு திடீரென்று பிரகாசமாவது, விசிறி வேகமெடுப்பது, அடாப்டரிலிருந்து வாடை வருவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காரணம் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் மெயின் எங்கே இருக்கிறது, எப்படி இறக்குவது என்று கையைப் பிடித்துக் காட்டிவைத்திருக்கிறேன். மீட்டர் பெட்டிக்கு முன்னால் சைக்கிளோ நெல் மூட்டையோ நிற்க விடுவதில்லை.

அக்கா அன்று கேட்ட கேள்வியை எல்லோரும் கேட்பார்கள்: "புது வீடுதானே தம்பி, எம்சிபி எல்லாம் போட்டிருக்கிறோமே, அது ஏன் விழவில்லை?" எம்சிபி பார்ப்பது மின்னோட்டத்தின் அளவை. ஷார்ட் ஆனாலோ லோடு கூடினாலோ விழும். ஆர்சிசிபி பார்ப்பது கசிவை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழுந்து மனித உயிரைக் காப்பாற்றும், ஒவ்வொரு வீட்டிலும் அது கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் இந்த இரண்டும் வோல்டேஜைப் பார்ப்பதே இல்லை. 364 வோல்ட் வந்தாலும் உள்ளே ஏதாவது ஷார்ட் ஆகும்வரை எம்சிபி அசையாது.

ஃபிரிட்ஜ் போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு டவுனில் போர்டு சர்வீஸ் செய்பவரிடம் போனேன். அவர் அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நியூட்ரல் கட் ஆனதா அண்ணே?" என்று கேட்டார். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கரண்ட் நுழையும் இடத்தில் இருந்த பெரிய கெபாசிட்டரின் தலை உப்பிப் பிளந்திருந்தது. அதைக் காட்டிச் சொன்னார்: அதன்மேல் 450 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, சிலவற்றில் 400. நாம் 230 வோல்ட் என்று சொல்லும் ஏசி கரண்டின் உச்சி 325 வோல்ட்டைத் தொடும். அதைத் தாங்க இது போதும். ஆனால் 360 வோல்ட் வந்தால் உச்சி 500 வோல்ட்டைத் தாண்டிவிடும். சில நொடிகளில் கெபாசிட்டர் வெடிக்கும், அதோடு பக்கத்தில் இருக்கும் ஐசி சிப்பும் போகும்.

அக்கா வீட்டு டிவியிலும் அடி நுழைவாயிலில்தான் பட்டிருந்தது, ஆனால் லேசாக. நீல நிறத்தில் சின்ன வில்லை ஒன்று கருகி வெடித்திருந்தது. பெயர் வேரிஸ்டர். வோல்டேஜ் எல்லை மீறினால் அது தன் வழியாகக் கரண்டை விட்டு, ஃபியூஸை எரித்துவிட்டுத் தானும் செத்துவிடும். பின்னால் இருந்த போர்டு முழுதாகத் தப்பியிருந்தது. வில்லையும் ஃபியூஸும் மாற்றியதும் டிவி ஓடியது. முதலில் வந்து பார்த்த வேறொரு மெக்கானிக் அக்காவிடம் புது டிவியே வாங்கச் சொல்லியிருந்தார். ஆகவே நியூட்ரல் கோளாறில் போன பொருளைக் கழிவென்று தூக்கிப் போடுவதற்கு முன்னால் போர்டு பார்ப்பவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். கூடவே ஒரு எச்சரிக்கை: ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றிக் கொடுப்பவர்களும், வில்லையை வெட்டி எறிந்துவிட்டு அப்படியே ஓட விடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த டிவி அடுத்த முறை தீப்பிடிக்கும். இரண்டும் மாற்றப்பட்டதா என்று திறந்து காட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இடி அடித்த போர்டு வேறு மாதிரி இருக்கும். அதைப் பார்த்தது ஐப்பசியில், மழைக்காலத்தின் தொடக்கத்தில். தோப்பில் ஒரு தென்னையில் மின்னல் இறங்கியது. வீட்டுக்கு நேரடியாக ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் பார்த்தால் வாசல் கேட்டில் இருந்த கண்காணிப்புக் கேமரா, அதன் படத்தைப் பதியும் பெட்டி, டிஷ் செட்டாப் பாக்ஸ், டிவியில் அந்த செட்டாப் பாக்ஸ் செருகியிருந்த எச்டிஎம்ஐ துளை எல்லாம் செத்திருந்தன. டிவி எரிந்தது, படம் வந்தது. அந்த ஒரு துளை மட்டும் வேலை செய்யவில்லை. சர்வீஸ்காரர் பவர் சப்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது கரண்ட் கம்பி வழியாக வரவில்லை அண்ணே. மேலே இருக்கும் டிஷ் கேபிள் வழியாகவும் கேட்டுக்குப் போகும் கேமரா கேபிள் வழியாகவும் வந்திருக்கிறது" என்றார்.

மின்னல் ஒரு முறை இறங்கும்போது பல ஆயிரம் ஆம்பியர் பாய்கிறது. 30,000 ஆம்பியர் என்பது சாதாரணம். நேரம் மட்டும் மிகக் குறைவு, ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு. அது வீட்டின் மேல் விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே அங்கே நீளமாகக் கிடக்கும் எந்த உலோகக் கம்பியிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். மின்கம்பி, டிஷ் கேபிள், லேன் கேபிள், கேமரா கேபிள், போர்வெல் மோட்டாருக்குப் போகும் கேபிள் எல்லாமே கம்பிதான். எத்தனை விலை கொடுத்து ஸ்டெபிலைசர் வாங்கி டிவிக்கு வைத்திருந்தாலும், மொட்டைமாடியிலிருந்து இறங்கும் டிஷ் கேபிள் அந்த ஸ்டெபிலைசரைத் தொடாமல் நேரே டிவிக்குள் போகிறது. இதை எங்கள் ஊரில் சொன்னால் இன்னும் நம்ப மறுக்கிறார்கள்.

இனி எதற்கு எது என்று சொல்கிறேன். ஸ்டெபிலைசர் கெட்ட பொருள் அல்ல. சாயங்காலம் எல்லோரும் மோட்டார் போடும்போது வோல்டேஜ் 170, 180 என்று இறங்கும் ஊர்களில் ஏசிக்கும் பழைய ஃபிரிட்ஜுக்கும் அது தேவை. ரிலே எனப்படும் தானியங்கி சுவிட்சுகளை மாற்றி மாற்றி வோல்டேஜை ஏற்றி இறக்குவது அதன் வேலை. அந்த ரிலே நகர்வதற்குள் மின்னல் வந்து போய்விடும். நல்ல ஸ்டெபிலைசரில் ஹை கட் இருக்கும். குறிப்பிட்ட எல்லைக்கு மேல் போனால் பொருளுக்குக் கரண்ட் போகாது. ஆனால் தன்னையே 360 வோல்ட்டுக்கு எதிராகக் காத்துக்கொள்ளும்படி எல்லா ஸ்டெபிலைசரும் செய்யப்படுவதில்லை. இப்போது வரும் இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜுகளில் 'ஸ்டெபிலைசர் தேவையில்லை' என்று ஒட்டியிருக்கிறது. அது உண்மைதான், ஆனால் அவை தாங்கும் எல்லை பெரும்பாலும் 300 வோல்ட்டை ஒட்டி முடிந்துவிடும். நியூட்ரல் அறுந்தால் வருவது அதற்கு மேல். அன்று எங்கள் வீட்டில் போனது அந்த ஸ்டிக்கர் ஒட்டிய ஃபிரிட்ஜ்தான்.

நியூட்ரல் கோளாறுக்கு உரிய கருவி ஓவர் வோல்டேஜ் ப்ரொடெக்டர். எம்சிபி வைக்கும் அதே பெட்டியில், அதே அளவில் மாட்டலாம். முகப்பில் வோல்டேஜ் எண் எரியும். மேல் எல்லை 265 அல்லது 270, கீழ் எல்லை 170 அல்லது 180 என்று நாமே வைத்துக்கொள்ளலாம். எல்லை தாண்டினால் வீட்டுக்குப் போகும் கரண்டையே வெட்டிவிடும். சரியான பிறகு நாம் வைத்த நேரம் காத்திருந்து தானே போடும். 1,000 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு ஃபிரிட்ஜ் போர்டின் விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவே இல்லை. என்னிடம் யாராவது ஒரே ஒரு பொருள் வாங்கக் காசிருக்கிறது, எதை வாங்கட்டும் என்று கேட்டால், வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

இதில் கவனிக்க வேண்டியது ஆம்பியர். மலிவானவற்றில் 63 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் ரிலே அதற்குத் தகுந்ததாக இருக்காது. ஏசி, ஹீட்டர், மோட்டார் எல்லாம் சேர்ந்து ஓடும்போது ரிலேயின் முனைகள் சூடேறி ஒட்டிக்கொண்டால், வெட்ட வேண்டிய நேரத்தில் வெட்டாது. எங்கள் எலக்ட்ரீசியன் அந்தக் கருவியின் வழியாக மொத்த லோடையும் அனுப்பாமல், அது கான்டாக்டர் என்ற கனமான சுவிட்ச் ஒன்றை மட்டும் இழுத்துப் பிடிக்கும்படி செய்தார். கனமான லோடைக் கான்டாக்டர் சுமக்கிறது. செலவு கொஞ்சம் கூடியது, ஆனால் மனசுக்கு நிம்மதி. சின்ன வீட்டுக்கு, ஏசி இல்லாத வீட்டுக்கு, நேராக மாட்டினாலே போதும். மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டுக்கு மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பார்க்கும் கருவி வேண்டும்.

அன்று எங்கள் வீட்டு டிவி தப்பியதற்கு இன்வெர்ட்டர் காரணம். கரண்ட் இருக்கும்போது வீட்டு இன்வெர்ட்டர் அந்தக் கரண்டை அப்படியே உள்ளே விடுகிறது. வோல்டேஜ் எல்லை மீறினால் பேட்டரிக்கு மாறிவிடுகிறது. அந்த எல்லை இரண்டு விதமாக இருக்கும். சாதாரண நிலையில் 280, 290 வரை விடும். யுபிஎஸ் நிலையில் 260ஐ ஒட்டி வெட்டும். பெரும்பாலான இன்வெர்ட்டர்களில் இதற்கு ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. டிவியும் வைஃபை பெட்டியும் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் அதை யுபிஎஸ் நிலையில் வைத்துவிடுங்கள். செலவே இல்லாத பாதுகாப்பு.

இடிக்கு உரியது எஸ்பிடி என்ற சர்ஜ் ப்ரொடெக்ஷன் டிவைஸ். மீட்டர் பெட்டியை அடுத்து மாட்டும், விரல் அகலத்தில் இருக்கும் கட்டை. அதில் டைப் 1, டைப் 2, டைப் 3 என்று வகைகள் உண்டு. இடிதாங்கி வைத்த கட்டடங்களுக்கு டைப் 1 வேண்டும். சாதாரண வீட்டுக்கு டைப் 2 போதும். 20 கிலோ ஆம்பியர், உச்சமாக 40 கிலோ ஆம்பியர் என்று போட்டிருக்கும். நம் ஊர் ஏரியின் கலிங்கு போலத்தான் இது வேலை செய்கிறது: தண்ணீர் மட்டம் சரியாக இருக்கும்வரை சும்மா கிடக்கும், மட்டம் மீறினால் மிகுதியை வடிகாலுக்குத் தள்ளிவிடும். வடிகால் தூர்ந்திருந்தால் வெள்ளம் ஊருக்குள்தான் வரும். எஸ்பிடிக்கு வடிகால் என்பது எர்த். எர்த் சரியில்லாத வீட்டில் எஸ்பிடி மாட்டுவது வீண்செலவு.

எஸ்பிடியை மாட்டும் விதமும் முக்கியம். அதற்குப் போகும் கம்பியும் அதிலிருந்து எர்த்துக்கு வரும் கம்பியும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். மின்னல் வேகத்தில் வரும் கரண்டுக்குக் கம்பியின் ஒவ்வொரு சாணும் தடைதான். அழகாக இருக்கட்டும் என்று கம்பியைச் சுருட்டி வளைத்துப் பெட்டிக்குள் ஓட்டினால் பாதிப் பயன் போய்விடும். அதன் முகப்பில் சின்ன ஜன்னல் ஒன்று இருக்கும். பச்சை இருந்தால் உயிரோடு இருக்கிறது, சிவப்பானால் மாற்ற வேண்டும். நியூட்ரல் கோளாறில் பல நொடிகள் நீடிக்கும் 360 வோல்ட்டை எஸ்பிடி தாங்காது, தானே போய்விடும். அதனால் ஓவர் வோல்டேஜ் ப்ரொடெக்டருக்குப் பதிலாக எஸ்பிடியையோ, எஸ்பிடிக்குப் பதிலாக அதையோ வைத்துக்கொள்ள முடியாது. மாடியில் சோலார் வைத்திருப்பவர்கள் பேனலிலிருந்து வரும் டிசி கம்பிக்கும் தனியாக எஸ்பிடி போட வேண்டும்.

எர்த்தைப் பற்றி நம் ஊர் வீடுகளில் இருக்கும் அலட்சியம் எனக்குப் பெரிய வருத்தம். வீடு கட்டும்போது குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கி, மூடிவிட்டு மறந்துவிடுகிறோம். கடலோர மணல் பூமியில் சித்திரை, வைகாசி வெயிலில் அந்த மண் காய்ந்து போகும். காய்ந்த மணல் கரண்டை வாங்காது. உப்பே அந்த இரும்புக் குழாயைச் சில வருடங்களில் தின்றுவிடும். வெள்ளையடிப்பவர்கள் சுவரோரம் போகும் எர்த் கம்பியை வெட்டி ஒதுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் வீட்டில் எலக்ட்ரீசியன் மல்டிமீட்டர் வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்த்தார். பிறகு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்த்தார். முதலாவது 230ஐ ஒட்டியும் இரண்டாவது மிகச் சில வோல்ட்டும் இருக்க வேண்டும். அது மேலோட்டமான சோதனை. குழியின் தடையை ஓம் கணக்கில் அளக்கத் தனி மீட்டர் உண்டு, அதை வைத்திருப்பவரைக் கூப்பிடுவது நல்லது. 5 ஓமுக்குள் இருந்தால் நிறைவு. கோடையில் எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது இப்போது எங்கள் வீட்டு வழக்கம்.

இதில் உயிர் போகும் விஷயம் ஒன்று இருக்கிறது. எர்த் குழி போட இடமில்லை, செலவு அதிகம் என்று சில எலக்ட்ரீசியன்கள் பிளக் பாயின்ட்டின் எர்த் துளையை நியூட்ரலோடு இணைத்துவிடுகிறார்கள். சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். தெருவிலோ வீட்டிலோ நியூட்ரல் அறுந்த அடுத்த கணம் ஃபிரிட்ஜின் கதவு, வாஷிங் மெஷினின் உடம்பு, கிரைண்டர் எல்லாவற்றிலும் கரண்ட் நிற்கும். உங்கள் வீட்டில் அப்படிச் செய்திருக்கிறார்களா என்று இன்றே கேளுங்கள். செய்திருந்தால் முதல் வேலையாகப் பிரித்துவிடச் சொல்லுங்கள்.

நியூட்ரல் தெருவில் மட்டும் அறுவதில்லை. மூன்று ஃபேஸ் வீடுகளில் மீட்டர் பெட்டிக்குள்ளேயே நியூட்ரல் திருகு தளர்ந்து, கருகி, விட்டுவிடும். அப்போது அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே இந்தக் கூத்து முழுவதும் நடக்கும். கடல் காற்று உள்ள ஊர்களில் அலுமினிய சர்வீஸ் வயரும் செம்புக் கம்பியும் சேரும் இடம் வெள்ளைப் பொடி பூத்து அரித்துப் போகிறது. அந்த இரண்டு உலோகங்களை இணைக்கவே செய்யப்பட்ட லக் என்ற இணைப்பு முனை கிடைக்கிறது. முறுக்கி டேப் சுற்றக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு நியூட்ரல் கம்பிகள் சேரும் லிங்க் பட்டையையும் திருகுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டருக்கு முன்னால் இருக்கும் பகுதியில் நாம் கை வைக்கக் கூடாது. அங்கே கருகல் தெரிந்தால் புகார் கொடுத்து லைன்மேனை வரச் சொல்ல வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள். மரக்கிளை லைனில் உரசுகிறது என்றாலும் இதே எண்ணில் சொல்லலாம். தோப்பு நம்முடையது என்றாலும் லைனை ஒட்டிய மட்டையை நாமே தோட்டியால் இழுக்கக் கூடாது.

இடி நேரத்தில் பிளக்கைப் பிடுங்குவதற்கு ஈடான பாதுகாப்பு எதுவும் கிடையாது. சுவிட்சை அணைப்பது போதாது. சுவிட்ச் துண்டிப்பது ஃபேஸை மட்டும்; நியூட்ரலும் எர்த்தும் அப்படியே தொடுத்துக்கொண்டு இருக்கும். அந்த சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியையும் மின்னல் தாண்டிவிடும். பிளக்கோடு டிஷ் கேபிளையும் லேன் கேபிளையும் கழற்ற வேண்டும். இதைச் செய்ய வேண்டியது மின்னல் பக்கத்தில் வந்த பிறகு அல்ல. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே எத்தனை நொடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கணக்கு வந்துவிடும். 30 நொடிக்குள் சத்தம் கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு பிளக்கையோ கேபிளையோ தொடாதீர்கள், பொருளைவிட ஆள் முக்கியம். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' என்ற செயலி, பக்கத்தில் மின்னல் இருந்தால் செல்போனில் காட்டிவிடும். வானம் இருட்டும்போதே அதைப் பார்த்துவிட்டுப் பிடுங்கிவிடுவது எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பொறுப்பு.

கேமராவுக்கு வேறு வழி செய்தோம். அதைத் தினமும் பிடுங்க முடியாது. கேட்டுக்குப் போகும் செம்புக் கேபிளை எடுத்துவிட்டு, நடுவே ஃபைபர் கேபிள் ஓட்டி, இரண்டு முனையிலும் செம்புக் கேபிளின் சிக்னலை ஒளியாகவும், ஒளியைத் திரும்பச் சிக்னலாகவும் மாற்றும் பெட்டிகள் வைத்தோம். கண்ணாடி இழையில் கரண்ட் ஓடாது. இனி மின்னல் அடித்தால் கேட்டில் இருக்கும் கேமரா போகலாம், ஆனால் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் டிவிக்கும் அது வராது. வீட்டுக்கு வரும் இன்டர்நெட்டும் ஃபைபராக இருந்தால் அந்தப் பக்கம் பயமில்லை. அந்த மோடத்தின் அடாப்டர் மட்டும் கரண்ட் வழியாக அடி வாங்கக்கூடும்.

கரண்ட் போய் வரும் நேரமும் ஆபத்தானதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்து எங்கள் தென்னைகளையும் கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனபோது, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. திரும்ப வந்த நாள்களில் வந்து வந்து போனது. அப்போது பழகிய ஒன்றை இன்றும் விடவில்லை. கரண்ட் போனதும் ஃபிரிட்ஜ், ஏசி, மோட்டார் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரில் சேராத ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்டு வைப்போம். அது எரிந்து, ஐந்து நிமிடம் சீராக நின்ற பிறகுதான் மற்றவை. ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் இந்தத் தாமதம் இன்னொரு வகையிலும் தேவை: கம்ப்ரஸரில் காஸ் அழுத்தம் சமமாக மூன்று நிமிடமாவது ஆகும். அதற்குள் ஓட்டினால் மோட்டார் திணறும்.

அந்த நாள்களில் வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்து தண்ணீர்த் தொட்டியை நிரப்பினோம். சின்ன ஜெனரேட்டரில் மோட்டாரை ஓட்டி நிறுத்தும்போது லோடு குறைந்து வோல்டேஜ் தாறுமாறாக ஏறும். அதில் மோட்டாரையும் விளக்கையும் தவிர எதையும் மாட்டாதீர்கள். ஜெனரேட்டரை இணைப்பதற்கு முன்னால், தெரு லைனிலிருந்து வீட்டை முழுதாகத் துண்டிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்க வேண்டும். இல்லையென்றால் நம் ஜெனரேட்டர் கரண்ட் லைனுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைக் கொன்றுவிடும்.

ஸ்பைக் பாக்ஸ் என்று சிவப்பு விளக்கோடு விற்கும் நான்கு துளைப் பெட்டிகளையும் கேட்பார்கள். உள்ளே இருப்பது டிவி போர்டில் பார்த்த அதே வேரிஸ்டர் வில்லைதான், மலிவானதில் அதுவும் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேய்ந்து ஒருநாள் அது செத்துவிடும். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். பாதுகாப்பு இருக்கிறதா என்று காட்டத் தனி விளக்கு உள்ள பெட்டியாக வாங்கி, கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் அதில் செருக வேண்டாம். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகினால் எர்த் போய்விடும், பெட்டியின் பாதி வேலையும் போய்விடும்.

ஒருவேளை அடி விழுந்துவிட்டால், மெயினை இறக்கிய பிறகு உடனே போட்டுப் பார்க்காதீர்கள். லைன்மேன் சரிசெய்துவிட்டேன் என்று சொன்ன பிறகும், எல்லாப் பொருள்களின் பிளக்கையும் பிடுங்கி வைத்துவிட்டு மெயினை ஏற்றி, ஒரு பிளக் பாயின்ட்டில் மல்டிமீட்டர் வைத்து 230ஐ ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். முதலில் விளக்கு, பிறகு விசிறி, கடைசியில் போர்டு உள்ளவை. அன்று அடி வாங்கியும் ஓடிக்கொண்டிருக்கும் சார்ஜர்களையும் அடாப்டர்களையும் நாங்கள் மாற்றிவிட்டோம். உள்ளே கெபாசிட்டர் பாதி வெந்திருக்கும். செல்போனைத் தலைமாட்டில் செருகி வைத்துத் தூங்கும் வீட்டில் அவற்றை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.